நான்கு கரடிகளும் ஒரு கடிதமும்

என் அஞ்சல்தலைத் தொகுப்பின் முதல் பக்கத்தில் நான்கு கரடி பொம்மைகள் உட்கார்ந்திருக்கின்றன. டெடி கரடியின் நூற்றாண்டையொட்டி 2002 ஆகஸ்டு 15-இல் அமெரிக்கா வெளியிட்ட 37 சென்ட் அஞ்சல்தலைகள் அவை. நான்கும் ஏறக்குறைய 1905 முதல் 1948 வரையிலான பழங்காலப் பொம்மைகள்.

2003-இல் நான் பிறந்த செய்தி கேட்டு, அமெரிக்காவில் தாதியாக இருந்த அத்தை அப்பாவுக்கு எழுதிய கடித உறையில் இவை ஒட்டப்பட்டிருந்தன. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது அலமாரியில் அந்த உறையைக் கண்டேன். ஆசிரியர் சொல்லித் தந்தபடி, செராஸ் அடுக்குமாடி வீட்டின் குளியலறையில், வாளித் தண்ணீரில் அதை ஊறப் போட்டேன். உள்ளே கடிதம் இருந்ததை நான் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் தண்ணீர் நீலமாகிவிட்டது.

அப்பா திட்டவில்லை. "உனக்கு இந்தப் பேரை ஏன் தேர்ந்தெடுத்தேன்னு அத்தை அதுல எழுதியிருந்தாங்கம்மா. நீ தமிழ் நல்லா வாசிக்கப் பழகினதும் கொடுக்கலாம்னு வச்சிருந்தேன்," என்றார். அத்தை அதற்கு முந்திய ஆண்டே காலமாகியிருந்தார்.

தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபின், மலாய்மொழிப் பேச்சுப் போட்டியில் இந்தக் கரடிகளின் கதையைச் சொன்னேன். 1902 நவம்பரில் மிசிசிப்பியில் வேட்டைக்குச் சென்ற அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், மரத்தில் கட்டிவைத்திருந்த கரடியைச் சுட மறுத்தார். கிளிஃபர்ட் பெரிமன் அதைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். புரூக்ளினில் மிட்டாய்க் கடை வைத்திருந்த மோரிஸ் மிச்டம் குடும்பத்தினர் கரடி பொம்மை செய்து, அதிபரின் செல்லப்பெயரால் 'டெடியின் கரடி' என்று அழைத்தனர். கருணைக் கதை என்று கைதட்டல் கிடைத்தது.

பிறகுதான் முழுவதும் படித்தேன். அந்தக் கரடி பிழைக்கவில்லை. அடிபட்டுத் துடித்த அதன் வேதனை தீரட்டும் என்று, கத்தியால் கொன்றுவிடச் சொன்னவரும் ரூஸ்வெல்ட்தான்.

அன்றிரவு தொகுப்பைத் திறந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பொம்மையைக் கொஞ்சிய உலகம் கரடியை மறந்தது. அஞ்சல்தலையைப் பத்திரப்படுத்திய நான் கடிதத்தைத் தொலைத்தேன்.

சென்ற தீபாவளி விடுமுறையில் அப்பாவை உட்கார வைத்து, கடிதத்தில் நினைவிருப்பதைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. அத்தையின் நடை அதில் இல்லைதான்; அப்பாவின் குரல் இருக்கிறது. கரடிகளுக்குப் பின்னால் அதைச் செருகி வைத்திருக்கிறேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டு அலமாரியிலும் தமிழில் எழுதிய பழைய கடிதம் ஒன்று இருக்கலாம். அஞ்சல்தலையில் கை வைக்குமுன் உறையைத் திறந்து பாருங்கள்.