நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும்

எண்பதுகளில் கோயமுத்தூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், அட்வான்ஸ் எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, ‘சிறுவாணித் தண்ணி வருதுங்களா?’ என்பதுதான். ஆர்.எஸ்.புரத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுக்கு வந்தது. கேட்டுக்கு உள்ளே, தரையோடு தரையாகக் குழி தோண்டி வைத்த ஒரே ஒரு குழாய். அத்தனை குடித்தனத்துக்கும் அதுதான். பின்னால் புடக்காலியில் ஒரு அடிபம்பு. அதில் வருவது உப்புத் தண்ணி. முன்னாலிருந்து வருவது அடுப்படிக்கு, பின்னாலிருந்து வருவது குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ. நடக்கத் தெரிந்த நாளிலேயே எங்களுக்கு இந்தச் சட்டம் தெரியும். எவர்சில்வர் குடம் முன்னால் போகும், பிளாஸ்டிக் குடம் பின்னால் போகும். மாற்றி எடுத்தால் அம்மாவுக்குக் காபியிலேயே தெரிந்துவிடும்.

உப்பு என்று சொன்னாலும் அது கடல் உப்பு இல்லை. நாக்கில் கொஞ்சம் துவர்ப்பு, கொஞ்சம் கனம். சோப்புக்குத்தான் அதன் குணம் நன்றாகத் தெரியும். 501 பார் சோப்பை எவ்வளவு தேய்த்தாலும் நுரை கட்டாது. பக்கெட்டின் மேலே திரிதிரியாக அழுக்கு வெள்ளையில் ஏதோ மிதக்கும். அப்பாவின் வெள்ளைச் சட்டைகள் நாளாக ஆகச் சாம்பல் பூத்தன. உயர்நிலைப் பள்ளியில்தான் காரணம் புரிந்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கரையாத பொருளாக்கிவிடுகின்றன. அவை தீர்ந்த பிறகு மிஞ்சுகிற சோப்புதான் நுரைக்கும்.

அந்தப் பாடம் நடந்தபோது எனக்கு அரப்பு நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்டு அம்மா உப்புத் தண்ணியில்தான் அரப்புத் தூளைக் கரைப்பார். அது நன்றாகவே அழுக்கெடுக்கும். அரப்பிலும் சீயக்காயிலும் இருக்கும் நுரைப்பொருள் வேறு வகை, கால்சியத்தோடு சேர்ந்து திரியாது. கிணற்றுத் தண்ணீரை நம்பி வாழ்ந்த கொங்கு நாட்டில் தலைக்கு அரப்பு நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கவேண்டும் என்பது என் கணிப்பு.

அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, ஊர் மதுக்கரை தாண்டி. அந்தப் பக்கம் பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல். 1930களில் அங்கே சிமென்ட் ஆலை வந்ததே அந்தக் கல்லுக்காகத்தான். அம்மிச்சி வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் எங்கள் அடிபம்பையே தோற்கடிக்கும். வெந்நீர் அண்டாவின் உட்புறம் முழுக்க வெள்ளையாகச் செதில் படிந்திருக்கும். விடுமுறைக்குப் போனால் அதைச் சுரண்டி எடுப்பது எனக்குப் பிடித்த விளையாட்டு. கொதிக்கும்போது பைகார்பனேட் சிதைந்து சுண்ணாம்பாகப் படிகிறது என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? விரல் நகத்தில் பெயர்ந்து வரும் அந்தப் பொருக்கின் சத்தம் பிடித்திருந்தது, அவ்வளவுதான். துவரம்பருப்பு அந்தத் தண்ணீரில் எத்தனை விறகு எரித்தாலும் முழுசு முழுசாக நிற்கும். அம்மிச்சி ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுவார். ‘சோடா போட்டா ருசி கெட்டுரும்மா’ என்று அம்மா முணுமுணுப்பார். பருப்பு என்னவோ குழைந்துவிடும்.

ஆனால் அம்மிச்சிக்கு எங்கள் தண்ணீர் பிடிக்கவில்லை. ‘உங்க ஊருத் தண்ணி சப்புன்னு இருக்குது கண்ணு. எவ்வளவு குடிச்சாலும் தாகமே அடங்கமாட்டேங்குது’ என்பார். அப்பாவுக்குப் பொறுக்காது. ‘அத்தை, உலகத்துலயே ரெண்டாவது ருசியான தண்ணிங்க சிறுவாணி’ என்பார். கோயமுத்தூர்க்காரர்கள் எல்லாரும் சொல்வதுதான் அது. அந்தப் பட்டியலை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ‘இருக்குமுங்க மாப்பிள்ளை. மொதத் தண்ணி எங்கூட்டுக் கெணத்துல இருக்குதுல்லோ’ என்று அம்மிச்சி பேச்சை முடித்துவிடுவார். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. தண்ணீருக்கு ருசி தருவதே அதில் கரைந்த தாதுக்கள்தான். பழகிய நாக்கு பழகியதைக் கேட்கும்.

சிறுவாணி ஏன் அப்படி இருக்கிறது என்பதைக் கோவைக் குற்றாலம் அருவிக்குக் கூட்டிப்போன ஒரு நாளில் அப்பா விளக்கினார். முத்திக்குளம் மலையில் விழும் மழை சோலைக்காட்டு மண்ணில் ஊறி, எளிதில் கரையாத பாறைமேல் ஓடி வருகிறது. சேர்த்துக்கொள்ள வழியில் அதிகம் எதுவும் இல்லை. அவ்வளவுதான் ரகசியம். சே.ப. நரசிம்மலு நாயுடு 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தத் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவரவேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்தார். நகராட்சித் தலைவராக இருந்த இரத்தினசபாபதி முதலியார் காலத்தில்தான், 1920களின் கடைசியில், மலையைக் குடைந்து தண்ணீர் வந்தது. நாங்கள் குடியிருந்த ஆர்.எஸ்.புரம் அவர் பெயர்தான். பின்னால் கேரளத்தோடு 1973இல் ஒப்பந்தம் போட்டுப் பெரிய அணை கட்டினார்கள். அணை இருப்பது பாலக்காடு மாவட்டத்தில், குடிப்பது நாம். அதனால்தான் கோடை வந்ததும் பேப்பரில் அப்பா முதலில் தேடுவது அணையின் நீர்மட்டத்தை. மட்டம் இறங்க இறங்க குழாயடியில் குடங்களின் வரிசை நீளும், அக்கா தங்கையாகப் பழகியவர்கள் முறைத்துக்கொள்வார்கள்.

மென்மையான தண்ணீர் என்றால் சுத்தமான தண்ணீர் என்று அர்த்தமில்லை. ஆடி மழையில் சிறுவாணியே செம்மண் நிறமாக வரும், குளோரின் வாடை தூக்கலாக இருக்கும். அம்மா குழாய் வாயில் வேட்டித் துணியைக் கட்டுவார், பிறகு காய்ச்சுவார். துணியில் மண் நிற்கும், கிருமி நிற்காது. காய்ச்சினால் கிருமி போகும். அடிபம்புத் தண்ணீர் மாறாகக் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும், யாரும் குடிக்கமாட்டோம். ஆனால் அந்தக் கால்சியமும் மக்னீசியமும் தரும் கடினத்தன்மைக்கு இந்தியத் தரநிலை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை விடுகிறது. உலக சுகாதார நிறுவனமோ உடல்நலத்தைக் காட்டி அதற்கு வரம்பே வைக்கவில்லை. அம்மிச்சி அந்தக் கிணற்றைக் குடித்தே தொண்ணூறைத் தொட்டார்.

தொண்ணூறுகளில் பில்லூர்த் தண்ணீர் வந்தபோது ஊரே இரண்டுபட்டது. ‘இது பில்லூருங்க, ருசி இல்லைங்க’ என்று முகம் சுளித்தவர்கள் ஏராளம். பில்லூர் அணை பவானியில் இருக்கிறது. சிறுவாணி ஆறு அட்டப்பாடியில் போய்ச் சேர்வதும் அதே பவானியில்தான்!

இப்போது அந்தத் தெருவில் அடுக்குமாடிகள். எந்தச் சமையலறைக்குள் போனாலும் சுவரில் ஆர்.ஓ. எந்திரம் தொங்குகிறது. ஆழ்குழாய்க் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் நம்பி இருப்பவர்களுக்கு அது தேவை. சிறுவாணிக் குழாயில் அதை மாட்டுவது வீண். உப்பை எடுக்கும் எந்திரத்துக்கு உப்பில்லாத தண்ணீரைக் கொடுத்து, பாதிக்கு மேல் சாக்கடையில் விடுகிறோம். தண்ணீரில் கரைபொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவான இடங்களில் இந்த எந்திரத்தைத் தடைசெய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இலேயே சொல்லிவிட்டது. கடைக்காரர் பேச்சைக் கேட்டு வாங்குவதற்கு முன், கரைபொருளை அளக்க சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரை உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் ஒருமுறை நனைத்துப் பாருங்கள். எண் குறைவாக இருந்தால், பெரும்பாலும் காய்ச்சிக் குடித்தாலே போதும்.