முடிந்தபின் இடும் குறி

நுழையும்முன்

ஒரு பொத்தானை அழுத்தியதும் 'ஏற்கப்பட்டது' என்கிறது கணினி. ஏற்கப்பட்ட வேலை நம் கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ நடைபெறுகிறது. அத்தகைய வேலைகள் தவறிப்போகாமல் காக்கும் முறையையும், அதனை அறியப்போய்த் தம் பழைய பிழையை உணர்ந்த ஆசிரியர் ஒருவரின் அனுபவத்தையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

காலாண்டுத் தேர்வு மதிப்பெண்களைப் பெற்றோர்க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பும் பொறுப்பு 2018 ஆம் ஆண்டில் எனக்கு வந்து சேர்ந்தது. அதற்கெனச் சிறிய கணினி நிரல் ஒன்று பள்ளியில் இருந்தது. அறுநூறு மாணவர்களின் மதிப்பெண்களையும் உள்ளிட்டு, 'அனுப்புக' என்னும் பொத்தானை அழுத்தினேன். திரையில் ஒரு வட்டம் சுழன்றது. இரண்டு நிமிடங்கள் கழிந்தன. பின்னர்த் திரை வெறுமையாயிற்று. வேலை முடிந்ததா, பாதியில் நின்றதா என்று அறிய வழியில்லை. மீண்டும் அழுத்தினேன். மறுநாள் காலையில் சில பெற்றோர் ஒரே செய்தி இருமுறை வந்ததென்றனர்; வேறு சிலர் எதுவுமே வரவில்லை என்றனர்.

என்னிடம் பயின்று மென்பொருள் பொறியாளராகப் பணிபுரியும் மாணவி ஒருவர் அவ்வாரம் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். நடந்ததைக் கேட்டுச் சிரித்தார். "ஐயா, பொத்தானை அழுத்தியவரைக் காக்க வைத்துக்கொண்டே அறுநூறு செய்திகளையும் அனுப்ப முயன்றதுதான் பிழை. பதிவு அஞ்சல் அனுப்பும்போது, கடிதம் ஊர் போய்ச் சேரும்வரை நீங்கள் அஞ்சலகத்திலேயே நிற்பதில்லையே! ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறீர்கள். கணினியிலும் வேலையை ஏற்பது ஒரு நிரல், செய்து முடிப்பது வேறொரு நிரல் என்று பிரித்துவிட வேண்டும்" என்றார்.

அவ்வாறு பிரித்தபின் இரண்டுக்கும் இடையே நிற்பதே செய்தி வரிசை. பொத்தானை அழுத்தியதும் அறுநூறு வேலைகளும் அறுநூறு சிறு குறிப்புகளாக வரிசையில் இடப்படும். 'ஏற்கப்பட்டது' என்று திரை உடனே சொல்லிவிடும். பணியாள் நிரல் ஒன்று பின்னணியில் இருந்துகொண்டு, குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கும். வேலை மிகுந்தால் பணியாள் நிரல்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம், குறைந்தால் குறைக்கலாம். வரிசை நம் கணினியில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அமேசான் நிறுவனத்தின் 'சிம்பிள் கியூ சர்வீஸ்' போன்ற சேவைகள் இணையத்தின் வழியாகவே அதனை வழங்குகின்றன. அச்சேவை 2006 ஆம் ஆண்டு முதல் முழுமையான பயன்பாட்டில் இருந்து வருகிறது.

வரிசைகளைப் பற்றிய ஆராய்ச்சி கணினிக்கும் முந்தியது. டென்மார்க் நாட்டின் ஆக்னர் எர்லாங் சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1908 ஆம் ஆண்டு கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் சேர்ந்தார். தொலைபேசி அழைப்புகள் எவ்வாறு வந்து குவிகின்றன என்பதைக் கணித முறையில் ஆராய்ந்து, மறு ஆண்டே கட்டுரை வெளியிட்டார். 'ரேபிட் எம்கியூ' என்னும் புகழ்பெற்ற செய்தி வரிசை மென்பொருள், அவர் பெயரைத் தாங்கிய எர்லாங் என்னும் நிரல்மொழியில்தான் எழுதப்பட்டது. ஆசிரியர் ஒருவரின் பெயர் இத்தனை தொலைவு வந்திருப்பதை அறிந்து மகிழ்ந்தேன்.

"குறிப்பை எடுத்த நிரல் வேலையின் நடுவே நின்றுபோனால் என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"எடுத்தவுடன் குறிப்பு அழிக்கப்படுவதில்லை, ஐயா. மற்ற நிரல்களின் கண்ணில் படாதவாறு சிறிது நேரம் மறைத்து வைக்கப்படும். நாம் மாற்றாவிட்டால் அந்நேரம் 30 வினாடி. 12 மணிநேரம் வரை நீட்டிக்கவும் செய்யலாம். 'முடித்துவிட்டேன்' என்று பணியாள் நிரல் ஒப்புகை தந்தால்தான் குறிப்பு நீக்கப்படும். ஒப்புகை வராவிட்டால் குறிப்பு வரிசையில் மறுபடி தோன்றும். வேறொரு நிரல் அதை எடுத்துச் செய்யும்."

"ஒப்புகையை முன்கூட்டியே தந்துவிட்டால்?"

"வேலை தொலைந்துபோகும், ஐயா. தொலைந்தது எவருக்கும் தெரியவும் தெரியாது."

அதன்பின் அவர் சொன்னவை சிறிது நேரம் என் செவியில் விழவில்லை. என் மனம் 2001 ஆம் ஆண்டுக்குச் சென்றுவிட்டது.

அவ்வாண்டு உதவித்தொகை விண்ணப்பங்களுக்கு நான் பொறுப்பாசிரியர். பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனின் விண்ணப்பம் கடைசியாக வந்தது. அவன் தாய் செங்கற்சூளையில் கூலி வேலை பார்ப்பவர். மறுநாள் காலையில் நானே அலுவலகத்தில் சேர்த்துவிடலாம் என்று விண்ணப்பத்தைப் பையில் வைத்தேன். எப்படியும் சேர்க்கத்தானே போகிறோம் என்ற எண்ணத்தில், பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே 'அனுப்பப்பட்டது' என்று எழுதினேன். அன்றிரவு கடும் காய்ச்சல் கண்டது. பதினைந்து நாள்கள் படுக்கையில் கிடந்தேன். என் பொறுப்பை ஏற்ற ஆசிரியர் பதிவேட்டைப் பார்த்தார். எல்லாப் பெயர்களுக்கும் நேரே குறி இருந்தது. அவர் தேடுவதற்கு அங்கே எதுவும் இல்லை. விண்ணப்பம் என் பையிலேயே இருக்க, இறுதி நாள் கடந்துபோயிற்று.

உதவித்தொகை வராததால் அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்தினான். நான் தேடிச் சென்றபோது சூளையில் கல் சுமந்துகொண்டிருந்தான். நடந்ததைக் கூறி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ஐயா" என்றான். அவ்வாண்டுச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். அவனும் திரும்பி வந்து படிப்பை முடித்தான். ஆயினும் அவன் கல் சுமந்த பத்து வாரங்களை என்னால் அவனுக்குத் திருப்பித் தர இயலவில்லை.

காய்ச்சலால் நேர்ந்த பிழை என்றே பல ஆண்டுகள் எனக்கு நானே ஆறுதல் சொல்லி வந்தேன். காய்ச்சல் யாருக்கும் வரும். பணியாள் நிரல் ஒன்று எந்நேரமும் நின்றுபோகக்கூடும் என்று எதிர்பார்த்தே செய்தி வரிசையை அமைத்திருக்கிறார்கள். என் பிழை, செய்யாத வேலைக்குக் குறி இட்டது. அவ்விடத்தை நிரப்பாமல் விட்டிருந்தால், என் நண்பர் அதைக் கண்டு அன்றே ஆள் அனுப்பி என்னை விசாரித்திருப்பார்.

மாணவி இரண்டு நாள்களில் அந்நிரலைத் திருத்தி எழுதினார். ஒப்புகை தருவதற்குள் நிரல் நின்றுவிட்டால் ஒரே குறிப்பு இருமுறை வரக்கூடும் என்பதால், ஒவ்வொரு செய்திக்கும் தனி எண் கொடுத்தார். அவ்வெண்ணுக்குரிய செய்தி முன்பே சென்றிருந்தால் நிரல் அதனை மீண்டும் அனுப்பாது. பலமுறை முயன்றும் செல்லாத குறிப்புகள் தனியே மற்றொரு வரிசையில் சேரவும் வழி செய்தார். சேர்ப்பிக்க இயலாத கடிதங்களுக்கென அஞ்சல் துறையில் தனி அலுவலகம் இருப்பதைப் போன்றது அது. "தோற்றுப்போன வேலையை ஒளித்து வைக்கக் கூடாது, ஐயா. நாம் பார்க்கும் இடத்தில் அது இருக்க வேண்டும்" என்றார்.

அரையாண்டுத் தேர்வு முடிந்தது. பொத்தானை அழுத்தியதும் 'ஏற்கப்பட்டது' என்றது திரை. நான் வகுப்புக்குச் சென்றேன். திரும்பி வந்து பார்த்தபோது, தனி வரிசையில் மூன்று குறிப்புகள் இருந்தன. மூன்றும் பயன்பாட்டில் இல்லாத தொலைபேசி எண்கள். அம்மூன்று மாணவர்களையும் அழைத்து, மதிப்பெண்களைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். பெற்றோரின் புதிய எண்களையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

மாணவர்களே, நாளை நீங்களும் பிறருடைய வேலைகளை ஏற்பீர்கள். மருத்துவமனையிலோ, வங்கியிலோ, கணினியின் முன்னரோ உங்கள் கையில் வரும் ஒவ்வொரு குறிப்புக்கும் பின்னால் ஒருவர் காத்திருப்பார். அவர் உங்களைப் பார்க்கமாட்டார். நீங்கள் இட்ட குறியை மட்டுமே நம்பியிருப்பார்.

என் பதிவேட்டில் இப்போது இரண்டு கட்டங்கள் உள்ளன: 'பெற்ற நாள்', 'முடிந்த நாள்'. இரண்டாம் கட்டத்தில் ஓர் இடம் வெறுமையாக இருந்தாலும் அன்று மாலை நான் அப்பக்கத்தை மூடுவதில்லை.