ஷெட்டுதானே சார்!

அண்மையில் பேரிடர் வீடுகளைப் பற்றிய ஒரு கூட்டத்தில் இளம் பொறியாளர் ஒருவர், "ஷெட்டுதானே சார், ரெண்டு நாள்ல ஏத்திடலாம்" என்றார். ஏற்றலாம். ஐப்பசி, கார்த்திகையைத் தாண்டி நிற்குமா என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் தற்காலிகக் குடியிருப்பு போட்டவர்களில் நானும் ஒருவன். கருப்புத் தார் ஷீட். சித்திரை வெயிலில் உள்ளே இருக்க முடியாது. பெண்கள் கைக்குழந்தையோடு பகலெல்லாம் வெளியே நிழல் தேடிக் கிடந்தார்கள். சில மாதங்களுக்கு என்று போட்டதில் பலர் வருடக்கணக்கில் குடியிருந்தார்கள். பிறகு 325 சதுர அடியில் கான்கிரீட் வீடுகள் வந்தன. அதற்காக நின்ற வேம்பையும் தென்னையையும் வெட்டிச் சாய்த்த கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஷீட் கூரைக்கு வருகிறேன். எனக்கு வாய்த்த மேஸ்திரி மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும் ஊர் என்பதால், முதல் ஷீட்டைத் தென்மேற்குக் கோடியில் வைத்துக் காற்றை நோக்கி அடுக்கி வருவார். அப்போதுதான் மேலே ஏறும் ஷீட்டின் விளிம்பு காற்றுக்கு முதுகு காட்டும். துளை ஷீட் நெளிவின் மேட்டில்தான், பள்ளத்தில் ஒன்று விழுந்தாலும் ஷீட்டையே இறக்கச் சொல்லிவிடுவார். ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் கொக்கியான ஜே போல்ட்டை முறுக்குகையில் தார் வாஷர் லேசாகப் பிதுங்கியதும் கை நின்றுவிடும். "இறுக்கினா ஷீட்டு நசுங்கும் சார், விட்டா காத்து வந்து எண்ணிப் பாக்கும்."

இறவாரத்திலும் முகட்டிலும் போல்ட்டை நெருக்கிப் போடுவார். நடுவில் கொஞ்சம் தள்ளிப் போடலாம். அந்தக் கூடுதல் போல்ட்டுகளை எஸ்டிமேட்டில் இல்லை என்று பில் பாஸ் பண்ணும் இடத்தில் அடித்துவிட்டார்கள். காரணம் எழுதிக் கொடுத்தேன். படித்த மாதிரித் தெரியவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியது. விடிந்த பிறகு போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஷீட் கூரைகள் எங்கிருந்து பிய்ந்தன என்று. நான் பார்த்த ஒரு வீட்டில் நடுவரிசை அப்படியே இருந்தது. கடல் பக்க இறவாரத்தில் கொக்கி மட்டும் சட்டத்தில் தொங்கியது. அதில் உள்ளங்கை அளவு ஷீட் துண்டு.

இப்போது மெஷினால் ஸ்க்ரூவைச் சடசடவென்று இறக்கிவிட்டுப் போகிறார்கள். உப்புக் காற்றில் அந்த வாஷர் ரப்பர் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டால் கம்பெனி கேட்லாக்கைக் காட்டுகிறார்கள். கம்ப்யூட்டர் வரைபடத்தில் வாசலில் மரம் நிற்கிறது, குழந்தை விளையாடுகிறது. ஷீட் எந்தப் பக்கமிருந்து ஏற வேண்டும் என்று ஒரு அம்புக்குறி கிடையாது. திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்க்கிறார்கள், பெயிண்ட்டைப் பாராட்டுகிறார்கள். ஏணி கொண்டுவரச் சொன்னால் போட்டோ எடுப்பவருக்குத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.