வண்டிக்கு உடம்பா, உடம்புக்கு வண்டியா?

ஊர்த் தெரு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தமிழகக் கிராமங்கள் பலவற்றில் எங்கள் தாத்தாக்களுக்கு இருந்த கட்டளை இது. அதனால் சைக்கிளில் எப்படி உட்காருகிறோம் என்பது எங்களுக்குச் சின்ன விஷயம் அல்ல.

கிராமம் கிராமமாகப் போய்த் தகவல் திரட்டும் வேலைக்காக, எங்கள் குழுவின் பழைய கியர் சைக்கிளில் நேர் ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு, ரேஸ் சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாரை மாட்டினோம். எதிர்க்காற்றில் குனிந்து மிதிக்கலாம். கையை இடம் மாற்றி வைக்க முடிவதால் நெடுந்தூரத்தில் உள்ளங்கை மரத்துப்போவது குறையும்.

செலவு அந்த ஒரு கம்பியோடு நிற்காது. நேர் பாரில் பிடி மாட்டும் இடத்தின் விட்டம் 22.2 மி.மீ.; வளைந்த பாரில் 23.8 மி.மீ. எனவே பழைய பிரேக் லிவரும் கியர் மாற்றியும் ஏறாது. வி-பிரேக் உள்ள வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். சாதாரண ரேஸ் லிவர் இழுக்கும் ஒயர் நீளம் அதற்குப் போதாது. வி-பிரேக்குக்கென்றே வரும் வளைந்த பார் லிவரையோ, மினி வி-பிரேக்கையோதான் போட வேண்டும். பிரேக்கில் சமரசம் கூடாது.

அதைவிட முக்கியம் உடம்பின் அளவு. நேர் பாருக்காகச் செய்த ஃபிரேம் பொதுவாக நீளமானது. வளைந்த பார் கைகளை இன்னும் 7, 8 செ.மீ.யாவது முன்னே இழுக்கும். எங்களில் உயரம் குறைந்த தோழிக்குக் கழுத்தும் தோளும் வலித்தன. "பழகினால் சரியாயிடும்மா" என்றார் கடைக்காரர். தலைமுறை தலைமுறையாக நாம் கேட்ட வாக்கியம்தானே இது! பொருந்தாததை மாற்றாமல், பொறுத்துக்கொள்ளச் சொல்வது.

நாங்கள் ஸ்டெம்மை மாற்றினோம். நீளம் குறைந்தது, கொஞ்சம் மேல்நோக்கியது. வலி போனது. சீட்டை முன்னே தள்ளினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள், சீட்டின் இடத்தைக் காலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி முதலில் சீட்டின் உயரத்தை வையுங்கள். பிறகு பிரேக் லிவரின் தலைப்பில் கை வைத்துப் பாருங்கள். முழங்கை லேசாக மடங்கி, தோள் தளர்வாக இருக்க வேண்டும். குட்டை ஸ்டெம் போட்டும் எட்டவில்லையா? அந்த ஃபிரேம் உங்களுக்கானது அல்ல. நேர் பாரையே திரும்ப மாட்டுங்கள்.

தோழர்களே, வேகத்துக்காக நாமே குனிவது வேறு, குனிய வைக்கப்படுவது வேறு. வலித்தால் முதலில் வண்டியை அளந்து பாருங்கள். உடம்பைக் குற்றம் சொல்லாதீர்கள்.