சான்று எங்கே?

"வரலாறு சோறு போடுமா?" என்று கேட்கின்றனர் பெற்றோர். மதிப்பெண் குறைந்தோர்க்கு ஒதுக்கிய பாடமென எண்ணுகிறது ஊர். மேல்நிலை வகுப்பில் அதனைக் கற்பிக்கும் நான் சொல்வேன்: ஏமாறாதிருக்கவும் படிப்பு வேண்டும்!

மன்னர் பட்டியலை மனப்பாடம் செய்வதா வரலாறு? அன்று, தோழர்களே, அன்று! தெலுங்கு வடமொழியின் பிள்ளை என்றனர். 1816இல் எல்லிஸ் வேர்ச்சொற்களை ஒப்பிட்டு, அது தமிழுக்கும் கன்னடத்துக்கும் உடன்பிறப்பு எனக் காட்டினார். வேதகாலமே நாகரிகத்தின் தொடக்கம் என்றனர். 1924இல் மார்ஷல் சிந்துவெளியை உலகுக்கு அறிவித்தார். செங்கல் பேசிற்று, பழங்கணக்கு சரிந்தது.

"சான்று எது? எழுதியவர் யார்? எவர் நலனுக்காக?" என்று கேட்கப் பழகியவன் கல்வெட்டையும் கேட்பான், கட்டுக்கதையையும் கேட்பான், நாளை நம் மேடைப் பேச்சையும் கேட்பான். கேட்கட்டும்! சான்றுள்ள கொள்கை கேள்விக்கு அஞ்சாது.