நம்பர் பிளேட் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்

வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பது இருக்கிறதே, அது தனி வேண்டுதல். கிருத்திகை என்றால் கேட்கவே வேண்டாம். அப்படி ஒரு கிருத்திகை நாளில்தான், ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகன் இந்த விளையாட்டை ஆரம்பித்தான்.

"அம்மா, அந்தக் கார் நம்பர்ல 'சி', 'எஸ்'னு இருக்கு பாரு. 'சி' வந்து, அதுக்கப்புறம் எங்கயாவது 'எஸ்' வர்ற மாதிரி ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்லு. யாரு நீளமா சொல்றாங்களோ அவங்க ஜெயிச்சாங்க."

அவன் 'கிளாஸ்ரூம்' என்றான். ஒன்பது எழுத்து. எனக்கு ஒன்றும் வரவில்லை.

விதி சுலபம். எழுத்துகள் அதே வரிசையில் வர வேண்டும். முன்னால், நடுவில், பின்னால் வேறு எழுத்துகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். ஸ்ரீபெரும்புதூர் - சிங்கபெருமாள் கோவில் சாலையில் வண்டிக்கா பஞ்சம்? கம்பெனி பஸ், கன்டெய்னர், ஷிஃப்ட்டுக்குப் பறக்கும் பைக் என்று வந்துகொண்டே இருக்கும். நம்பரே வாங்காத புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீள லாரிகள்தான் எங்களுக்குப் பிரயோஜனம் இல்லை.

முதல் ஒரு மாதம் நான் தோற்றுக்கொண்டே இருந்தேன். எனக்கு அது விளையாட்டாகவும் தெரியவில்லை. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இங்கிலீஷில் பார்டரில் பாஸ். ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஒன்பது வருடமாக குவாலிட்டி செக்கிங் வேலை. பாகத்தைக் கையில் எடுத்தாலே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். ஆனால் லைன் லீடராக இருக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டபோதும், "வீட்டுல பையன் சின்னவன் சார், முடியாது" என்று சொல்லிவிட்டேன். பையன் ஒரு சாக்கு. லீடர் என்றால் ஷிஃப்ட் முடிந்ததும் இங்கிலீஷில் ஒரு பக்கம் ரிப்போர்ட் எழுத வேண்டும். அதுதான் பயம். எனக்கு மூன்று வருடம் பின்னால் சேர்ந்த பெண் லீடர் ஆனாள். அன்று வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசவில்லை.

ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் 'சி, எல்' என்று ஒரு நம்பர் போனது. மகன் உடனே 'காலண்டர்' என்றான். எட்டு எழுத்து.

என் வாயில் தானாக வந்தது, "கேலிப்ரேஷன்."

"அப்படின்னா?"

"அளக்குற கருவி சரியா அளக்குதான்னு சோதிக்கிறது. ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க."

அவன் ஸ்பெல்லிங் கேட்டான். கண்ணை மூடினேன். தினமும் கையில் எடுக்கிற வெர்னியர் காலிப்பரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அப்படியே தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவன் விரல் விட்டு எண்ணினான். பதினொன்று!

அடுத்த வாரம் 'சி, எஃப்'. அவன் 'காஃபி'யில் ஆரம்பித்து 'சர்டிஃபிகேட்' வரை போய்விட்டான். அதுவும் பதினொரு எழுத்து. நான் 'ஸ்பெசிஃபிகேஷன்' என்றேன். பதிமூன்று. "அது 'சி'யில ஆரம்பிக்கலையே" என்று சண்டைக்கு வந்தான். ஆரம்பிக்க வேண்டும் என்று விதியில் எங்கே இருக்கிறது? வார்த்தைக்கு நடுவில் 'சி' இருக்கிறது, ஒரு எழுத்து தள்ளி 'எஃப்' இருக்கிறது. எல்லோரும் வார்த்தையின் தலையிலேயே தேடுகிறோம். நீளமான வார்த்தைகள் எழுத்தை நடுவில் ஒளித்து வைத்திருக்கின்றன.

பிறகு சில நுணுக்கங்கள் பிடிபட்டன. 'க்யூ' வந்தால் பெரும்பாலும் பக்கத்திலேயே 'யூ' வரும். 'சி, க்யூ' வந்த அன்று மகன் திணறினான். நான் பேங்க் 'செக்' என்றேன். காதுக்கு ஒரு அசைதான், எழுதினால் ஆறு எழுத்து. வண்டி நம்பரின் இந்த வரிசையில் 'ஐ'யும் 'ஓ'வும் பொதுவாக வராது. ஒன்று, பூஜ்ஜியத்தோடு குழம்பிவிடும் என்பதால்தான்.

எழுத்தை எண்ணுவது ஒன்றும் வீண்வேலை இல்லை. 1930களில் அமெரிக்காவில் வேலையிழந்த ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற கட்டடக்கலைஞர், செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணினார். அதிலிருந்து பிறந்ததுதான் ஸ்கிராபிள். அடிக்கடி வரும் 'ஈ'க்கு அதில் 12 வில்லைகள், தலைக்கு ஒரு புள்ளி. அபூர்வமான 'க்யூ'வுக்கு ஒரே வில்லை, 10 புள்ளி.

நானும் எண்ணினேன். பழைய நோட்டு ஒன்றில், கம்பெனியில் தினமும் பார்க்கிற, கேட்கிற இங்கிலீஷ் வார்த்தைகளை எழுதினேன். இன்ஸ்பெக்‌ஷன், டாலரன்ஸ், மெயின்டனன்ஸ், ரிஜெக்‌ஷன்... ஒரு வாரத்தில் 140 தாண்டிவிட்டது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று ஒன்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். ரிப்போர்ட்டுக்கு வேண்டிய வார்த்தைகளில் பெரும்பாலானவை என்னிடமே இருந்தன. அவற்றை இணைக்கிற சின்ன வார்த்தைகளைத்தான் மகனிடம் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

மூன்றாவது முறை கேட்டபோது, "செய்றேன் சார்" என்றேன். முதல் ரிப்போர்ட் எழுத ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு ஸ்பெல்லிங்கைச் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. இத்தனை வருடம் பயந்தது இதற்கா என்று எனக்குத்தான் சிரிப்பு வந்தது. கொஞ்சம் அழுகையும்.

இப்போது விளையாட்டைக் கடினமாக்கிவிட்டோம். முன்னால் வரும் 'டி, என்'னையும் சேர்க்க வேண்டும். போன கிருத்திகைக்கு முக்கால் மணி நேரம் காக்கவைத்து அரசு பஸ் வந்தது. அரசு பஸ்களுக்கு 'என்' வரிசை. ஆக 'டி, என், என்'. மகன் 'டென்னிஸ்' என்றான், ஆறு எழுத்து. நான் 'டென்ஷன்' என்றேன், ஏழு. பக்கத்தில் நின்ற பெரியவர், "கரெக்டா சொன்னம்மா" என்றார்.

'டி, என், சி, எல்' வந்தபோது மகன் 'டெக்னிக்கல்' என்றான். ஒன்பது எழுத்து. இதற்கு மேல் கிடையாது என்று சவால் விட்டான். அன்று அவன்தான் ஜெயித்தான். ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது எனக்குப் பதினைந்து எழுத்தில் ஒன்று கிடைத்தது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு நீங்களும் தேடிப் பாருங்களேன்.