அந்த டிசம்பர் மாதம்

நமக்குப் பிறந்த நாள் இரண்டு உண்டு. 'நமக்கு' என்று எழுதுவதைக் கண்டு, இரட்டைப் பிள்ளைகள் போலும் என்று வாசகர்கள் ஐயுற வேண்டாம். ஆசாமி ஒருவர்தான், பிறந்த நாள்தான் இரண்டு.

முதலாவது, 1950-ஆம் வருஷம் ஜூன் மாதம் 1-ந் தேதி. இதை நமக்கு அருளியவர் நாம் முதன் முதலில் சேர்ந்த பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர். 1955 ஜூனில் நம்மை அவர் முன்னிலையில் கொண்டுபோய் நிறுத்தியபோது, ஐந்து வயது நிரம்புவதற்கு இன்னும் ஆறு மாதம் பாக்கியிருந்தது. "ஆறு மாதத்துக்காக ஒரு வருஷத்தை வீணாக்குவானேன்?" என்று கேட்டு, அந்த நல்ல மனிதர் பேனாவின் ஒரே கீற்றில் நம்மை மூத்தவராக்கிவிட்டார். நம் தலைமுறையினரின் பள்ளிச் சான்றுகளைப் புரட்டிப் பார்த்தால், தேசத்துக் குழந்தைகளில் பாதிப் பேர் ஜூன் முதல் தேதியன்றே கங்கணம் கட்டிக்கொண்டு பிறந்தார்கள் என்று தோன்றும். அவர் செய்த உபகாரத்துக்கு நாம் வட்டியும் முதலுமாகச் செலுத்தினோம். சர்க்கார் உத்தியோகத்தில் ஐம்பத்தெட்டு வயது நிரம்பியதாகக் கணக்கிட்டு, 2008 மே 31-ந் தேதி மாலையும் சால்வையும் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உண்மையான தேதி பதிவாகியிருந்தால் அந்த டிசம்பர் கடைசி வரையில் சம்பளம் வாங்கியிருக்கலாம். தேதியைத் திருத்த வேண்டுமென்றால் வேலையில் சேர்ந்த ஐந்து வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது விதி. வேலையில் சேர்ந்த புதிதில் ஓய்வு பெறும் நாளைப் பற்றி யார் நினைக்கிறார்கள்!

இரண்டாவது பிறந்த நாள் 1950 டிசம்பரில் வருவது. மாதம் நிச்சயம், நாள்தான் நிச்சயமில்லை. அறுபது வயது வரையில் இது நம்மைச் சிறிதும் வருத்தவில்லை. 2010-ஆம் வருஷத்தில் மறுபடியும் விகிருதி வருஷம் சுற்றிக்கொண்டு வந்தது. சஷ்டியப்த பூர்த்தியைச் செய்தே தீர வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள். புரோகிதர் வந்து உட்கார்ந்து, "நட்சத்திரம் என்ன?" என்று கேட்டார். ஜாதகம் எப்போதோ கரையானுக்கு ஆகாரமாகிவிட்டது. ஆகவே தாயார் சொன்னதையும் பாட்டி சொன்னதையும் நினைவு கூர்ந்து கணக்குப் போட உட்கார்ந்தோம். அப்போதுதான் வில்லங்கம் வெளியாயிற்று.

எங்கள் வீடு அப்போது கடலூரில் இருந்தது. வடக்கே பதினான்கு மைல் தூரத்தில் புதுச்சேரி. பாரதத்துக்குச் சுதந்திரம் வந்து மூன்று வருஷமாகியும் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடிதான் பறந்து கொண்டிருந்தது. வழியில் எல்லைச் சாவடி; அங்கே மூட்டையைப் பிரித்துக் காட்ட வேண்டும். நம் தகப்பனார் ஒரு கச்சேரியில் குமாஸ்தா. பாரதியார் பாடல்களை மனப்பாடம் செய்து வளர்ந்தவர். பாரதியாருக்குப் புதுச்சேரியில் தோழராக இருந்தவர் என்கிற முறையில் ஸ்ரீ அரவிந்தரிடம் அவருக்கு ஒரு தனி பக்தி. 1910-ஆம் வருஷம் ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த அந்த வங்க வீரர், பிறகு நாற்பது வருஷம் அந்த ஊரை விட்டு நகரவில்லை. கடைசி இருபத்து நான்கு வருஷங்களில் வருஷத்துக்குச் சில நாட்கள் தரிசனம் தருவதோடு சரி. அந்தத் தரிசனத்துக்கு ஒரு தடவையாவது போய்விட வேண்டும் என்று தகப்பனார் வருஷா வருஷம் எண்ணி, வருஷா வருஷம் தள்ளிப் போட்டுவந்தார். பதினான்கு மைலில் இருப்பவர்களுக்கு எப்போதுமே 'அடுத்த தடவை' என்று ஒன்று இருக்கிறதல்லவா?

1950 டிசம்பர் 5-ந் தேதி, செவ்வாய்க்கிழமை, பின்னிரவு ஒன்றரை மணிக்குச் சற்று முன் ஸ்ரீ அரவிந்தர் காலமானார். காலையில் செய்தி கடலூருக்கு எட்டியது. தாயாருக்கு அது நிறைமாதம். ஆயினும் மருத்துவச்சி இன்னும் பத்து நாளாகும் என்று சொல்லியிருந்தாள். "சாயங்காலம் திரும்பிவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுத் தகப்பனார் பஸ் ஏறினார்.

திரும்பி வந்தது 9-ந் தேதி இரவு.

இந்தக் கதையைத் தாயார் சொல்லும்போதெல்லாம் தகப்பனார் பத்திரிகையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வார். "அன்றைக்கு அமாவாசை இருட்டு. இவர் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்; உள்ளே நீ 'குவா' என்கிறாய். அரை நாழிகை முந்தி வந்திருந்தால் குடி முழுகியா போயிருக்கும்?" என்பது தாயாரின் வாசகம். நம் சிறு வயது முதல் அவர் கண் மூடிய 2003 வரையில், அந்த அரை நாழிகை கால் நாழிகையானதுமில்லை, ஒரு நாழிகையானதுமில்லை.

பாட்டி, அதாவது தகப்பனாரைப் பெற்றவள், சொன்னது வேறு கதை. "உன்னைத் தொட்டிலில் போட்ட அன்றைக்குத்தான் பட்டேல் போனார். பாயசத்தை ஒருவரும் தொடவில்லை" என்பாள். எங்கள் வீட்டில் தொட்டில் போடுவது பதினோராம் நாள். ஸர்தார் வல்லபபாய் பட்டேல் காலமானது டிசம்பர் 15, வெள்ளிக்கிழமை. பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். பதினோராம் நாள் 15 என்றால் முதல் நாள் 5. அமாவாசையோ 9-ந் தேதி. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

சென்னையில் ஒரு நூலகத்துக்குப் போய், அந்த மாதத்துப் பழைய பத்திரிகைத் தொகுதியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தோம். நம்முடைய பிறப்பை எந்தப் பத்திரிகையும் வெளியிட்டிராது என்பது தெரிந்ததுதான். இருந்தாலும் தகப்பனார் ஏன் நான்கு நாள் தங்கினார் என்பதாவது விளங்கும் அல்லவா? விளங்கிற்று. உடலை உடனே அடக்கம் செய்வார்கள் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்திருக்கிறார்கள். ஆனால் உடலில் வாடுதலின் குறி எதுவும் தோன்றவில்லை என்று சொல்லி, ஆசிரமத்து அன்னை அடக்கத்தைத் தள்ளி வைத்துவிட்டார். ஜனங்கள் ஆயிரம் ஆயிரமாக வரிசையில் வந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 9-ந் தேதி மாலையில்தான் ஆசிரமத்து முற்றத்தில், மரத்தடியில் சமாதி வைத்தார்கள். 'நாளை, நாளை' என்று நான்கு நாளும் தகப்பனார் வரிசையில் நின்றிருக்க வேண்டும். இத்தனை வருஷம் தள்ளிப் போட்டவருக்கு, முடிவு வரையில் இருந்துவிட வேண்டும் என்று தோன்றியதில் வியப்பில்லை. ஆனாலும் பதினான்கு மைல்தானே! ஒரு நடை வந்துவிட்டுப் போயிருக்கலாம். இந்த விஷயத்தில் நம்முடைய தீர்ப்பு தாயாரின் பக்கமே.

தேடிப் போன காரியம் முடிந்தும் தொகுதியை மூட மனம் வரவில்லை. எப்பேர்ப்பட்ட மாதம் அது! பக்கம் தோறும் கொரியா யுத்தம். சீனப் படை பெருகி வர, ஐக்கிய நாட்டுப் படைகள் பின்வாங்கிக் கொண்டிருந்தன. நம் தேசம் அங்கே துப்பாக்கி அனுப்பவில்லை. வைத்தியப் படை ஒன்றை அனுப்பியிருந்தது. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். பியாங்யாங் நகரைக் காலி செய்யும்போது, வைத்திய சாதனங்களைப் போட்டுவிட்டு வர வேண்டிய நிலை ஏற்பட்டது. அவர்கள் அதற்கு உடன்படாமல், கேட்பாரற்று நின்ற ரயில் வண்டி ஒன்றைக் கண்டுபிடித்து, சாமான் அனைத்தையும் ஏற்றி, தாங்களே எஞ்சினை ஓட்டிக்கொண்டு தெற்கே வந்து சேர்ந்தார்கள். பின்னர் ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது.

அதே மாதக் கடைசியில், வடகொரியாவின் ஹங்நாம் துறைமுகத்திலிருந்து 'மெரிடித் விக்டரி' என்னும் அமெரிக்கச் சரக்குக் கப்பல் புறப்பட்டது. பன்னிரண்டு பிரயாணிகளுக்கு மட்டுமே இடமுள்ள அந்தக் கப்பலில் சுமார் 14,000 அகதிகள் ஏறியிருந்தார்கள். நிற்கத்தான் இடம்; சோறில்லை, தண்ணீரில்லை, வெளிச்சமில்லை. ஒருவரும் இறவாமல் கோஜே தீவில் போய் இறங்கியபோது, ஏறியவர்களைவிட ஐந்து பேர் அதிகம்! வழியில் ஐந்து குழந்தைகள் பிறந்திருந்தன. பெயர் கேட்டு எழுத அவகாசமில்லாத மாலுமிகள் கிம்ச்சி ஒன்று, கிம்ச்சி இரண்டு என்று ஊறுகாயின் பெயரை வைத்து எண்ணிக்கொண்டார்கள். அந்தக் கப்பலில் வந்த ஒரு தம்பதிக்கு இரண்டு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை மூன் ஜே இன் 2017-இல் தென்கொரியாவின் ஜனாதிபதியானார். இதையெல்லாம் நாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டோம். ஹங்நாமின் இருட்டறையில் நம்மோடு ஒத்த மாதத்தில் பிறந்தவர்கள் ஐவர் இருக்கிறார்கள் என்று அறிந்ததில், நம் வீட்டு லாந்தர் விளக்கு மிகுந்த சௌகரியமாகத் தோன்றியது.

டிசம்பர் 12-ந் தேதி. அன்று டில்லியில் நோயுற்றிருந்த ஸர்தார் பட்டேலை ஆகாய விமானத்தில் பம்பாய்க்குக் கொண்டுபோனார்கள். நேருஜியும் ராஜாஜியும் விமான நிலையத்துக்கு வந்து வழியனுப்பினார்கள். ஐந்நூறுக்கு மேற்பட்ட சமஸ்தானங்களை ஒன்றாக்கியவர், மூன்றாம் நாள் காலையில் பம்பாயில் உயிர் நீத்தார். கடற்கரையில் தகனம் செய்வதாக ஏற்பாடு. ஆனால் மனைவியும் தமையனாரும் தகனமான இடத்திலேயே சாதாரண மனிதர்களைப் போலத் தமக்கும் ஆக வேண்டும் என்பது அவருடைய விருப்பம் என்று புதல்வி மணிபென் தெரிவித்தார். ஆகவே சோனாப்பூர் மயானத்துக்கே கொண்டுபோனார்கள். சிதையருகே நின்றவர்களில் ராஜாஜியும் ஒருவர். அவருக்கு எழுபத்திரண்டு வயது நிரம்பி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அந்த மாதம் முடிவதற்குள் பட்டேல் வகித்த உள்நாட்டு இலாகாவை அவரே ஏற்கும்படி நேர்ந்தது.

பட்டேலின் விமானம் பறந்த அந்த 12-ந் தேதியன்று, பெங்களூரில் மராத்தி பேசும் எளிய குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்து, சிவாஜி ராவ் என்று பெயர் பெற்றது. 1975-இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ரஜினிகாந்த் என்று வந்து நின்றவர் அவர்தான். இப்போதெல்லாம் டிசம்பர் 12 வந்தால் தமிழ்நாட்டுத் தெருக்களில் சுவரொட்டிக்கும் பாலாபிஷேகத்துக்கும் குறைவில்லை. நம் பேரனுக்கு அந்தத் தேதி தெரியும். பாரதியார் பிறந்த 11-ந் தேதியை நாம்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1950-ஆம் வருஷத்து 13-ந் தேதிப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படித்தோம். பெங்களூர்க் குழந்தையைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

கடைசியில் கடலூருக்கே போனோம். பிறப்புப் பதிவேட்டில் நகல் கேட்டால் முதலில் இல்லை என்றார்கள். இரண்டாம் முறை நாளை வாருங்கள் என்றார்கள். நான்காம் முறை கிடைத்துவிட்டது. பெயர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. அந்நாளில் பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவது வழக்கம். 'ஆண்' என்று மட்டும் இருந்தது. தகப்பனார் பெயர், தாயார் பெயர், தெரு எல்லாம் சரி. தகவல் கொடுத்தவர் அடுத்த வீட்டுக்காரர். பதிவான தேதி 7-12-1950. பிறந்த தேதி 5-12-1950.

ஆக, பாட்டியின் கணக்கே சரி. தகப்பனார் பஸ் ஏறிப் போன அன்றே, சாயங்காலம் வருவார் என்று பார்த்திருந்த வேளையிலேயே, நாம் பிறந்துவிட்டோம். அடுத்த வீட்டுக்காரர் மருத்துவச்சியைக் கூப்பிட ஓடியிருக்கிறார். தகவல் எழுதிவைக்கவும் அவரே போயிருக்கிறார். நான்கு நாள் தாயார் கைக்குழந்தையோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான்கு வயது நிரம்பாத தமக்கை வேறு பக்கத்தில். அந்த நான்கு நாளைத்தான் தாயார் அரை நாழிகையாகக் குறைத்துவிட்டார்! எங்களிடம் சொன்னார், உறவினரிடம் சொன்னார், தகப்பனாரின் எதிரிலேயே ஐம்பது தடவை சொன்னார். தகப்பனார் ஒரு தடவையாவது, "இல்லை, நான்கு நாள்" என்று திருத்தவில்லை. பத்திரிகைக்குப் பின்னால் அவருடைய முகம் எப்படி இருந்தது என்று நாங்கள் எட்டிப் பார்த்ததுமில்லை. பாட்டிதான் பொய் சொல்லத் தெரியாமல் பட்டேலைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

புரோகிதரிடம் பதிவேட்டுத் தேதியையே கொடுத்தோம். அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்து நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து, சஷ்டியப்த பூர்த்திக்கு வேறொரு நாளைக் குறித்துவிட்டார். பிறகு இவ்வருஷத்துப் பஞ்சாங்கத்தில் டிசம்பர் 5-ந் தேதி எப்படி இருக்கிறது என்று நாம் வாங்கிப் பார்த்தோம். 2010 டிசம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை. அமாவாசை.

அன்றிரவு வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, வாசல் விளக்கை அணைத்துவிட்டுச் சற்று நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். நல்ல இருட்டு. செருப்பு வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியவில்லை.